சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை: தெருவில் வாழும் குடிநோயாளிகளுக்கு இடம் கொடுத்துத் தேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் மதியச் சோற்றுக்குப் பஞ்சமே கிடையாது. பெரிய கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. அதை விட்டால் அமாவாசை, திதி, பிறந்தநாள் என்று யாராவது பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ராத்திரிக்குத்தான் ஆள் இல்லை. மதியம் 12 மணிக்குத் திறக்கிற டாஸ்மாக் கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். குளத்துப் படியிலோ பேருந்து நிலையத்திலோ கிடக்கிற ஒருவருக்கு வயிறு காலியாக, பையில் அன்றைய காசோடு, பேச ஆளில்லாமல் கழிகிற நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு பாய் போடுகிற அளவுக்கு ஓர் இடம் நடத்துகிறோம். தொடங்கியபோது, படுக்க இடம் கொடுத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தோம். படுக்க அவர்களுக்கு ஏற்கெனவே மண்டபம் இருந்தது. சாயங்காலத்தைக் கழிக்கத்தான் இடம் இல்லாமல் இருந்தது. இது மண்டையில் ஏற எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. தஞ்சாவூர், திருவாரூர், மாயவரம், நாகை பக்கம் இப்படி ஓர் இடம் தொடங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

பலகையில் என்ன எழுதுவது

சிகிச்சை தரப்போகிறீர்களா, இடம் தரப்போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குடியை நிறுத்தச் சிகிச்சை தருவதென்றால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறீர்கள். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளை அந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், மருத்துவர் வேண்டும், செவிலியர் வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அது ஆகாத காரியம். சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடக்கட்டும். சோறு, பாய், துணை நம்மிடம் இருக்கட்டும். பலகையில் ‘தங்குமிடம்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘மறுவாழ்வு மையம்’ என்று எழுத ஆசை வரும், எழுதாதீர்கள்.

யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் கட்டிய சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகிப்போன மாநிலம் இது. ஆனாலும் “ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டுங்க, தன்னால தெளிஞ்சிடும்” என்று யோசனை சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அவர்களோடு சேர்ந்து வேலை செய்வது பணத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. பொதுக் காப்பகங்களில் குடித்திருப்பவரைச் சேர்க்கத் தயங்குவார்கள். அங்கே வயதானவர்களும் இருப்பார்கள், அவர்கள் பயப்படுவது நியாயம்தான். குடியை நிறுத்தி ஒரு மாதம் ஆனவரை அங்கே அனுப்பலாம்.

பெண்களுக்கு என்று தனி இடம் இல்லாமல் பெண்களைச் சேர்க்காதீர்கள். 181-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தெருவில் குடிக்கிற பெண் எங்கள் ஊரில் இல்லை என்று சொல்பவர்கள் இரவு பதினோரு மணிக்கு ரயில் நிலையப் பக்கம் போனதில்லை.

காலையில் போங்கள்

பேச்சுக் கொடுக்க நல்ல நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழு. ராத்திரிக் குடி இறங்கியிருக்கும், அடுத்தது இன்னும் உள்ளே போயிருக்காது. வெறும் கையோடு போகாமல் டீயோடு போங்கள்.

அப்படி ஒரு காலையில் டம்ளரை நீட்டினேன். ஐம்பது வயதிருக்கும், கொத்தனார் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. வாங்கிக்கொள்ளவில்லை. “கீழ வைங்க தம்பி” என்றார். தோளில் கிடந்த துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டார். ஒரு முனையை வலது கையில் சுற்றி, அதே கையால் டம்ளரையும் பிடித்துக்கொண்டார். மறுமுனையை இடது கையால் மெல்ல இழுத்தார். கப்பியில் வாளி ஏறுகிற மாதிரி டம்ளர் வாய் வரைக்கும் ஏறியது. மேலெல்லாம் கொஞ்சம்தான் சிந்தியது.

“எப்பவும் இப்படித்தாண்ணே குடிப்பீங்களா?”

“மொத ரவுண்டு மட்டுந்தான். அது உள்ள போனா கை தன்னால நின்னுடும்.”

இந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தால் கவனமாகுங்கள். முதல் ரவுண்டில் நிற்கிற கை, ரவுண்டு கிடைக்காவிட்டால் நடுக்கத்தோடு நிற்காது. வலிப்பு வரைக்கும் போகலாம். அவரைக் கூட்டிவந்து நாமே குடியை நிறுத்துகிற வேலை வேண்டாம்.

‘குடியை விடுறீங்களா’ என்ற கேள்வியையும் முதல் நாளே போடாதீர்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, எழுந்ததும் முதல் வேலையே அதுதானா, முன்னால் எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிந்ததா, தலையில் அடி பட்டதா. இதெல்லாம் ஒரே நாளில் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். நாலைந்து டீக்குள் தானாக வரும். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மருத்துவர் கேட்கப்போவதும் இதையேதான்.

முதல் நாலு நாள் மருத்துவருடையது

கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சன்னி பிடிக்கலாம்: காய்ச்சல், படபடப்பு, இடம் காலம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைப் பிடிப்பது. எல்லோருக்கும் வராது. வந்தவருக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம்.

எங்களிடம் வந்த இரண்டாவது ஆளுக்கு அது வந்தது. முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தார், கஞ்சி குடித்தார், எங்களைப் பாராட்டவும் செய்தார். நாங்களும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் ராத்திரி பாயிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தார். “என்னண்ணே பொறுக்குறீங்க?” என்றால், “எறும்பு தம்பி, நீங்க படுத்துக்குங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சுவரில் கதவு தேட ஆரம்பித்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. 108-ஐக் கூப்பிட்டோம். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். அவரைப் பூட்டிய அறையில் போட்டிருந்தால் அந்த எறும்பு எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். அவர் வருகிறேன் என்று சொன்னதும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பக்கத்தில் உள்ளதன் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப்போங்கள். 2025-லிருந்து அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் ‘கலங்கரை’ என்ற பெயரிலும் போதை மீட்பு மையங்கள் நடக்கின்றன. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் மனநல உதவிக்கான 14416-க்கோ, போதை மீட்புக்கான 14446-க்கோ, மருத்துவ ஆலோசனைக்கான 104-க்கோ அழைக்கலாம். மூன்றும் கட்டணமில்லாதவை.

அனுமதிக்கும் தேதி நாலு நாள் கழித்து என்றால், அந்த நாலு நாளும் குடியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இதைச் சொன்னதற்கு, எங்களுக்கு அரிசி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். போகட்டும். தினமும் குடித்த உடம்பில் மருத்துவத் துணையில்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “அட்டெண்டர் யாரு?” இவர்கள் பாதிப் பேர் இந்தக் கேள்வியிலேயே திரும்பிவிடுகிறார்கள். உங்களுடைய உண்மையான உபயோகம் இங்கேதான். கூட இருக்க ஆள் முறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் ஒருவர், இரவில் ஒருவர், குறைந்தது ஐந்து நாள். ஒரு மருத்துவமனையில் “குடிகாரனுக்கெல்லாம் பெட்டு இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கற்றுக்கொண்டது இது: முன்பு வலிப்பு வந்தது என்பதைப் புறநோயாளிச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்ட ஆளை அடுத்த மேசை அவ்வளவு சுலபமாக அனுப்பிவிடாது.

வலிப்பு நம் கண் முன்னால் வந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கிற கல், பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்கக்கூடாது, தண்ணீரும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்று மறுபடி வந்தாலும், 108. குடியை நிறுத்தியபோது வந்த வலிப்பு என்றால் நின்ற பிறகும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னொரு பழக்கம், “ஒரு பாட்டில் ஏத்தினா தெளிஞ்சிடும்.” தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வருடக்கணக்கில் சாப்பிடாமல் குடித்தவரின் உடம்பில் தயாமின், அதாவது பி1 சத்து, வற்றிப்போயிருக்கும். அந்த உடம்பில் தயாமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், தள்ளாட்டம், கண் நிலைகொள்ளாமல் ஆடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி திரும்பாமலே போய்விடலாம். “பி1 ஊசி போட்டாச்சா சார்?” என்று பணிவாக ஒரு தடவை கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நடுக்கத்துக்கு மருத்துவர் தரும் மாத்திரைகள் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வர வேண்டியவை. மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கி நாமே கொடுக்கக்கூடாது. அந்த மாத்திரையின் மேல் சரக்கும் உள்ளே போனால் மூச்சே அடங்கிவிடலாம்.

போதையில் கிடக்கிறார் என்று நினைத்தவர் தலையில் அடிபட்டுக் கிடக்கலாம். உலுக்கியும் எழவில்லை, காதிலோ மூக்கிலோ ரத்தம், ஒரு பக்கக் கை கால் துவண்டிருக்கிறது என்றால் ‘தெளியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள். குடித்த பிறகு கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான். மெத்தனால் என்ற நஞ்சு கலந்த சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது.

திரும்பி வந்த உடம்பு

டிஸ்சார்ஜ் சீட்டை நகல் எடுத்து ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் இருப்பது எப்படியும் நனையும். காசநோய், சர்க்கரை, கல்லீரல், எச்.ஐ.வி. பரிசோதனைகளை மருத்துவமனையிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. சிரங்கு இருந்தால் களிம்பை அவருக்கு மட்டும் தடவிப் பிரயோஜனமில்லை, கூடப் படுக்கிற எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் தடவி, துணியையெல்லாம் வெந்நீரில் போடுங்கள். ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பாக மலம், வயிறு உப்பிக் கால் வீங்குவது இவற்றைப் பார்த்தால் தாமதிக்காமல் மருத்துவமனை.

சாப்பாடு முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பழைய சோறும் மோரும், பருப்பு, கீரை, முட்டை. காய்ந்த வயிற்றில் முதல் நாளே பிரியாணி போட்டு உபசரிக்காதீர்கள். இனிப்புக்கு மனம் அலையும். எங்கள் ஜன்னலில் எப்போதும் ஒரு டப்பா கடலை மிட்டாய் இருக்கும், கணக்குக் கேட்பதில்லை. பீடியை முதல் மாதம் நாங்கள் தொடுவதில்லை. வெளியே போய்ப் பிடிக்கட்டும்.

இடத்தைப் பற்றி இரண்டு விஷயம்தான் சொல்ல இருக்கிறது. ஒன்று, கட்டடத்தைவிட வழியைப் பாருங்கள்: பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் வாசலுக்கு வரும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கக்கூடாது. இரண்டு, கை கழுவும் சானிடைசர், இருமல் டானிக், ஸ்பிரிட் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் இருக்க வேண்டும். அதைக் குடிப்பார்களா என்று கேட்பீர்கள். குடிப்பார்கள்.

சாயங்காலம்

ஐந்தரைக்குக் கதவு திறந்து, ஆறு மணிக்குச் சோறு போட்டுவிடுங்கள். எட்டு மணிக்குப் போடுவதுதான் வீட்டு வழக்கம், எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஆள் குறைந்துகொண்டே இருந்தார்கள். சோற்றை ஆறு மணிக்கு மாற்றிய வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வயிறு நிறைந்தவனுக்குக் குவார்ட்டர் நினைப்பு வராது என்று சொல்லவில்லை. வரும், ஆனால் எழுந்து நடக்கச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பல் நமக்குப் போதும்.

அப்புறம் கைக்கு வேலை. சும்மா உட்கார வைத்து உபதேசம் செய்தால் அவர்களும் தலையாட்டுவார்கள், மனம் கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கும். கும்பகோணத்துப் பக்கம் வெற்றிலை எண்ணிக் கவுளி கட்டுகிற வேலை உண்டு. ஒரு வியாபாரி சாயங்காலம் இரண்டு கூடை அனுப்பச் சம்மதித்தார். அளவு பார்த்து, காம்பு ஒரே பக்கம் வருகிற மாதிரி அடுக்கி, நாரால் கட்ட வேண்டும். நடுங்குகிற கைக்கு முதல் வாரத்தில் இருபது இலைகூட நேராக நிற்காது. மூன்றாவது வாரத்தில் நிற்கும். அது தானாகவே தெரிந்துவிடுவதால் ‘முன்னேற்றம்’ என்று நாம் எதுவும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் பூக்கட்டுவது, பாக்கு உரிப்பது என்று எது கிடைக்கிறதோ அது.

எட்டு மணிக்கு மேல் பேச்சு. வாரத்தில் இரண்டு நாள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அனுப்புங்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடிப் பேசுகிற அமைப்பு அது; அமெரிக்காவில் 1935-ல் தொடங்கி, இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. குடியை நிறுத்த விரும்புவது ஒன்றைத் தவிர வேறு தகுதி கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் தமிழிலேயே பேசுகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் எழுந்து “நானும் அந்தப் பேருந்து நிலையத்தில்தான் கிடந்தேன்” என்று சொல்வதற்கு ஈடாக நம்மால் எதுவும் சொல்ல முடியாது. கூட்டத்தில் கடவுள் பேச்சு வரும். சிலருக்கு அது பிடிக்காது, கட்டாயப்படுத்த வேண்டாம்.

திடீரென்று ஆசை பொங்கும்போது நாலு கேள்வி கேட்கப் பழக்கியிருக்கிறோம்: பசிக்குதா, கோபமா, தனியா இருக்கீங்களா, அசதியா? பெரும்பாலும் நாலில் ஒன்று இருக்கும், அதைக் கவனித்தால் அரை மணி நேரத்தில் அலை இறங்கிவிடும். இரவு பத்து மணிக்குக் கடை மூடியதும் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெருமூச்சு கேட்கும். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடலாம்.

கூலி

முதல் மாதம் வெளி வேலைக்கு அனுப்பாதீர்கள். அதன் பிறகு வேலை இல்லாமல் வைத்திருக்காதீர்கள்.

எந்த வேலை என்பதில் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. சுமை தூக்கும் கோஷ்டிகள் பலவற்றில் கூலியைப் பங்கு பிரிக்கிற இடமே கடை வாசல்தான். சாவு வீட்டுப் பந்தல் வேலையில் சரக்கும் கூலியில் சேர்த்தி. இரவு வாட்ச்மேன் வேலை சுலபம் என்று தோன்றும். தனியாக, தூக்கமில்லாமல், இரவு முழுவதும் தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிற வேலை அது, ஆறு மாதத்துக்கு வேண்டாம். டீக்கடை, டிபன் கடை, பால் பூத், நர்சரித் தோட்டம் பரவாயில்லை.

முதலாளியிடம் நேரில் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கூலியைச் சாயங்காலம் கொடுக்காமல் மறுநாள் காலையில் கொடுங்கள். யாரும் மறுத்ததில்லை. காலை எட்டு மணிக்குக் கையில் இருக்கிற 500 ரூபாய்க்கும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் இருக்கிற 500 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கே தெரியும்.

அந்தப் பணத்தை நீங்கள் பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரின் சம்பளத்தை ‘அவர் நல்லதுக்காக’ நாங்கள் வைத்திருந்தோம். ஒரு சண்டையில் “என் காசுல நீங்க சோறு திங்கிறீங்க” என்று கேட்டுவிட்டுப் போனார். சொன்னதில் உண்மை இல்லை என்றாலும் கேட்கிற நிலையில் அவரை வைத்தது நாங்கள்தான். இப்போது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு, பாஸ்புக் அவரிடமே. கணக்கு திறக்க ஆதார் வேண்டும். முகவரி இல்லாதவர்களுக்கு அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். பழைய அட்டை தொலைந்திருந்தால் கைரேகை வைத்துத் தேட முடியும். 60 வயது தாண்டியவர்களுக்கு முதியோர் ஓய்வூதியத்துக்கும் கையோடு எழுதிப் போடுங்கள்.

சோற்றில் கலக்கிற மாத்திரை

“அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுத்துடுங்க, குடிச்சா வாந்தி வந்து விட்டுடுவாரு” என்று ஒரு மாத்திரையை விளம்பரம் பார்த்து வாங்கிவருவார்கள். டைசல்பிராம் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்யும்: அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் ஒத்துக்கொண்டு, மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு; எது யாருக்கு என்பதைக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் சொல்வார்கள். தெரியாமல் கலப்பது மருத்துவப்படியும் தப்பு. அதைவிட, ஒருநாள் அவருக்குத் தெரிந்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

டெல்டாவுக்கென்று ஒரு நாட்காட்டி

எங்கள் சுவரில் ஒரு காலண்டர் தனியாகத் தொங்குகிறது. தையில் சம்பா அறுப்பு தொடங்கினால் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்க ஆள் தேடுவார்கள், வருடத்திலேயே அதிகமாகக் காசு புழங்குகிற காலம் அது. எங்களிடம் அதிகம் பேர் சறுக்குவதும் தை, மாசியில்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, வேலை கிடையாது. அப்போதுதான் புது ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ஆடிப்பெருக்கு, வேளாங்கண்ணிக் கொடியேற்றமான ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை, நாகூர்க் கந்தூரி, மாயவரம் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்க என்று தெருவில் இருப்பவர்கள் கூட்டத்தின் பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். திருவிழாவில் தொலைந்த ஆளைத் தேட அடுத்த திருவிழாவுக்குப் போனால் போதும்.

கடை மூடுகிற நாட்களையும் வட்டமிட்டு வையுங்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்றவை. காசில்லாமல், பிளாக்கில் வாங்க முடியாமல் போனவருக்கு அன்று ராத்திரியிலிருந்து நடுக்கமும் வலிப்பும் தொடங்கலாம். அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் குளத்தங்கரை, பேருந்து நிலையம் என்று ஒரு சுற்று வருவோம்.

நாகை, திருவாரூர்க்காரர்கள் காரைக்காலை மறக்கக்கூடாது. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட பகுதி, சரக்கு விலை குறைவு, கள்ளுக்கடையும் உண்டு. அந்தப் பக்கம் கட்டட வேலை என்றால் கூலி கூட வந்தாலும் அனுப்பாதீர்கள்.

சறுக்கினால்

சறுக்குவார்கள். “ஸ்லிப்” என்றுதான் அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். குடித்துவிட்டு வாசலில் நிற்பவரை என்ன செய்வது என்பதை அவர் நிற்கும்போது யோசிக்காதீர்கள், முன்கூட்டியே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கள் விதி: உள்ளே கூடத்தில் படுக்க முடியாது, மற்ற பதினோரு பேருக்கு அந்த வாசனையே போதும். வெளியே துரத்துவதும் இல்லை. வாசல் திண்ணையில் பாய், தலையணை, சோறு, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் ஒரு ஆள். காலையில் டீ. திட்டு கிடையாது, ‘ஏன்’ என்ற கேள்வியும் அன்று கிடையாது. ஒரே ராத்திரிக் குடி என்றால் மறுநாள் சாயங்காலம் கூடத்துக்குத் திரும்பலாம். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி மருத்துவமனையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த முதல் நாலு நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். கை நீட்டினாலோ, சரக்கை உள்ளே கொண்டுவந்தாலோ மட்டும் ஒரு மாதம் விலக்கு. அப்போதும் ஆறு மணிச் சோறு வாசலில் உண்டு.

வீடு

வீட்டுக்குப் போன் போடலாமா என்று அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். அடி வாங்கிய மனைவி அந்தப் பக்கம் இருக்கலாம், ‘எங்கப்பா செத்துட்டாரு’ என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் இருக்கலாம். அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. ஆறு மாதமாவது ஆகட்டும். முதலில் கடிதம், அப்புறம் போன், அப்புறம் அவர்கள் இங்கே வந்து பார்க்கட்டும்.

திருவாரூர் மாவட்டத்தில் மஞ்சக்குடி என்று ஒரு கிராமம். சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதனின் குழு 1980-களின் கடைசியிலிருந்து அங்கே முகாம் போட்டு, குடிநோயாளிகளை ஊரைவிட்டுப் பிரிக்காமல் ஊருக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தது. குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஊரே கிடையாது என்றாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போகிறவரின் ஊரில் ஒரு டீக்கடைக்காரரையோ, ஊராட்சி உறுப்பினரையோ, கோயில் பூசாரியையோ முன்கூட்டியே பார்த்துப் பேசி வைக்கிறோம். மாதம் ஒரு போன்: “அண்ணன் எப்படி இருக்காரு?” அவ்வளவுதான்.

அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டு, ஒரு மாத மாத்திரை, பாஸ்புக், கூட்டம் நடக்கும் இடத்தின் முகவரி, 14416, எங்கள் எண் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருகிறோம். யாராவது ஒருவர் கூடப் போகிறோம். முதல் பேருந்தில் ஏற்றுங்கள். மன்னார்குடி தாண்டிப் போக வேண்டியவராக இருந்தாலும் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கொத்தனார் அண்ணனைக் கொண்டுபோய் விட்ட அன்று நாங்கள் பதினொன்றரைக்கு ஊர் எல்லையில் இறங்கினோம். கடை இன்னும் திறக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கிட்டுப் போவோம் தம்பி” என்றார்.